ஓகே பிறந்த ஊர்

கைடு தொழிலில் கால் வலிகூடப் பழகிவிடும். 'தெரியாது' என்று சொல்லத்தான் வாய் வராது. வாயால் பிழைக்கும் எல்லோருக்கும் இந்த வியாதி உண்டு என்பதால் உங்களிடம் மறைக்கவில்லை. மாமல்லபுரத்துப் பெரிய பாறைச் சிற்பத்தின் முன்னால் பல வருஷம் நின்று பேசியவன் நான். வடக்கத்திக்காரர் வந்தால் அங்கே தவம் செய்பவன் பகீரதன், மற்றவர்களுக்கு அர்ஜுனன். வந்தவர் மனம் கோணக்கூடாது, அவ்வளவுதான்.

தெரியுமே மேடம்

தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு சீசன். வாக்கியத்துக்கு ஒரு 'ஓகே' போடுவது என் பழக்கம். வெள்ளைக்காரர் வாயில் அது 'சரி'யாகவும் இருக்கும், 'போதும், நிறுத்து'வாகவும் இருக்கும். முகத்தைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஒரு அமெரிக்க டீச்சரம்மா என்னை நிறுத்தி, இது எங்கள் நாட்டுப் பழங்குடிகளின் சொல், தெரியுமா என்றார். தெரியுமே மேடம் என்றேன். மறுநாள் ஒரு கிரேக்கப் பெரியவர், 'எல்லாம் நலம்' என்பதற்குத் தங்கள் பாஷையில் வரும் முதல் எழுத்துகள்தான் அது என்றார். அதுவும் தெரியுமே என்றேன். அதற்கடுத்த நாள் ஸ்காட்லாந்துக்காரர் ஒருவர் தங்கள் ஊர்ச் சொல் என்றார். அவருக்கும் தலையாட்டினேன். பக்கத்தில் நின்ற சக கைடு ஏழுமலை கேட்டான்: “இன்னா அண்ணாத்த, ஒரு வார்த்தைக்கு இத்தினி அப்பனா?”

ஒரே வேன்

டீச்சரம்மாவும் கிரேக்கரும் திருவிடந்தைப் பக்கம் ஒரே ஓட்டலில் தங்கியிருந்தது எனக்குத் தெரியாது. அந்த வாரமே இருவரும் ஒரே வேனில் வந்து இறங்கினார்கள். வழியெல்லாம் ஓகேவுக்காகச் சண்டை. நம்ம கைடே ஒத்துக்கொண்டார் என்று இருவருமே சாதித்திருக்கிறார்கள். இரண்டு பேரும் சொன்னது சரிதான் என்று வழக்கம்போல வழுக்கினேன். டீச்சரம்மா பாறையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அவர் நிதானமாகக் கேட்டார்: “அப்படியானால் அர்ஜுனன் கதையும் இந்த மாதிரிதானா?”

லைசென்ஸ்

ஊருக்குப் போகுமுன் டீச்சரம்மா சுற்றுலா அலுவலகத்தில் புகார் எழுதிவைத்துவிட்டார். பத்து நாளில் அதே அலுவலகத்தில் என் கைடு லைசென்ஸைப் புதுப்பிக்க வேண்டும். அது இல்லாமல் பாறைப் பக்கம் நின்று பேச முடியாது. வேறு தொழிலும் எனக்குத் தெரியாது. பயந்துகொண்டே போனேன். அதிகாரி புகாரைப் படித்துவிட்டு, பாறையில் தவம் செய்வது யார் என்று ஒரே கேள்விதான் கேட்டார். டீச்சரம்மாவின் முகம் ஞாபகம் வந்தது. அர்ஜுனன் என்றும் சொல்கிறார்கள், பகீரதன் என்றும் சொல்கிறார்கள், எனக்கு நிஜமாகவே தெரியாது சார் என்றேன். வாழ்க்கையில் முதல் தடவையாக அந்த வார்த்தை வெளியே வந்ததில் நெஞ்சு லேசானது. அதிகாரியும் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னை மரியாதையாகப் பார்த்தார். “பதினஞ்சு வருஷமா கேக்கறேன், தெரியாதுன்னு சொன்ன முதல் ஆள் நீங்கதான், அதனால இப்போதைக்கு ஆறு மாசம்தான் தர முடியும், தெரிஞ்சுகிட்டு வாங்க.”

ஆறு மாசம் கழித்துப் போய் அர்ஜுனனேதான் என்று அடித்துச் சொன்னேன். விண்ணப்பத்தின் ஓரத்தில் ஓகே என்று எழுதி மூன்று வருஷம் கொடுத்தார், அந்த வார்த்தை எந்த ஊரில் பிறந்தது என்று நானும் அவரைக் கேட்கவில்லை.