மண்டோர் இளைத்த கதை

தன் தொப்பையைப் பற்றி யார் என்ன சொன்னாலும் ஜூலியஸுக்குக் கோபம் வந்ததில்லை. "முப்பது வருஷம் லோரி ஓட்டினா வேற என்ன வரும், கொம்பா முளைக்கும்?" என்று அவரே முதலில் சிரித்துவிடுவார். ஆனால் கிறிஸ்மஸ் முடிந்த வாரத்தில் ஒரு காலை, மண்டோர் லோரியில் ஏற முடியாமல் நின்றபோது அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

மண்டோர் அவருடைய நாய். எட்டு வருஷத்துக்கு முன்னால் அசாம் ஜாவா என்ற ஊரில், எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்து ஓரத்தில் கிடைத்த செவலைக் குட்டி. கிடைத்த அன்றே, ஆட்கள் வியர்க்க வியர்க்கக் குலைகளை லோரியில் ஏற்றிக்கொண்டிருக்க, அது நிழல் பார்த்து உட்கார்ந்து அத்தனை பேரையும் மேற்பார்வை பார்த்தது. ஒரு துரும்பை நகர்த்தவில்லை. யாராவது இடுப்பில் கைவைத்து நின்றால் மட்டும் குரைத்தது. தோட்டத்தில் ஆட்களை வேலைவாங்கும் மேற்பார்வையாளருக்கு மண்டோர் என்று பெயர். தோட்டத்தில் பிறந்து வளர்ந்த ஜூலியஸுக்கு வேறு பெயர் தோன்றவே இல்லை.

அன்றிலிருந்து லோரியில் இடதுபக்க இருக்கை மண்டோருடையது. வழியில் பசியாற நிறுத்தினால் பரோட்டா மாதிரியான ரொட்டி சானாயில் ஆளுக்குப் பாதி. தோட்டக்காரர் யாராவது பிஸ்கட் நீட்டினால் அதிலும் பாதி. எட்டு வருஷப் பாதிகள் சேர்ந்து இருவர் உடம்பிலும் வஞ்சனையில்லாமல் தங்கிவிட்டன.

அந்தக் காலை மண்டோர் முன்கால்களைப் படியில் வைத்தது. பின்னங்கால்கள் தரையை விட்டு எழவில்லை. ஜூலியஸ் பின்னாலிருந்து தூக்கப் பார்த்தார். அவர் இடுப்பில் 'கடக்' என்று ஒரு சத்தம். நாயைக் கேட்டுக்குள் விட்டுவிட்டு லோரியை எடுத்தார். கண்ணாடியில் பார்த்தால், கம்பிக்கு நடுவே மூக்கை நீட்டிக்கொண்டு அது நின்றது. மறுநாளும் நின்றது. அதற்கு மறுநாளும்.

ஜனவரியில் கிளினிக்குக்குப் போனார். இளவயது டாக்டர் அட்டையைப் புரட்டினார்.

"அங்கிள், எடை தொண்ணூத்தேழு. மூணு மாசக் கணக்குல ரத்தத்துல சீனி ஒம்போது புள்ளி நாலு. மே மாசம் லைசன்ஸ் புதுப்பிக்க மெடிக்கல் ஃபாரம் கொண்டு வருவீங்கதானே?"

"ஆமாம்மா."

"இதே நம்பரோட வந்தா நான் கையெழுத்துப் போட மாட்டேன். கோவிச்சுக்காதீங்க."

கோபிக்கவில்லை. தன் கைகளைப் பார்த்தார். ஐம்பத்தாறு வயதில் ஸ்டீயரிங்கைத் தவிர வேறு எதையும் பிடிக்கத் தெரியாத கை. லைசன்ஸ் போனால், அவரும் மண்டோர் மாதிரி கேட்டுக்குள் நிற்க வேண்டியதுதான்.

அந்த வருஷம் முஸ்லிம்களின் நோன்பு மாதமும் கத்தோலிக்கர்களின் தவக்காலமும் ஒரே வாரத்தில் தொடங்கின. தவக்காலத்து முதல் நாளான சாம்பல் புதனன்று நெற்றியில் சாம்பலோடு வீட்டுக்கு வந்த ஜூலியஸ், சட்டையைக் கூடக் கழற்றாமல் அறிவித்தார்.

"ஜெனவீவ், நானும் மண்டோரும் சேர்ந்து ஒறுத்தல் இருக்கப் போறோம்."

அவர் மனைவி வெங்காயம் நறுக்குவதை நிறுத்தவில்லை. "நாய்க்கு எதுக்குங்க தவக்காலம்? அது என்ன பாவம் பண்ணிச்சு?"

"பாவம் நான் பண்ணது. பிஸ்கட்டு குடுத்தது நான்தானே."

டீயில் சீனி கிடையாது, காலையில் ரொட்டி சானாய் கிடையாது, தினமும் மூன்று கிலோமீட்டர் நடை என்று முடிவாயிற்று. மண்டோருக்கு எவ்வளவு சோறு என்பதை, ஷா ஆலாமில் இருக்கும் மகள் டிஃபனி ஒரு கால்நடை மருத்துவரிடம் கேட்டு வாட்ஸ்அப்பில் அனுப்பினாள்: வேளைக்கு ஒன்றரைக் கப், அதற்கு மேல் ஒரு பருக்கை கூடாது. அதற்கென்றே ஜெனவீவ் பச்சை நிறத்தில் ஒரு பிளாஸ்டிக் கப் வாங்கிவைத்தாள்.

"ஞாயித்துக்கிழமை மட்டும் கணக்குல வராது," என்றார் ஜூலியஸ். "தவக்காலத்து நாப்பது நாள்ல ஞாயிறு சேராதுன்னு மறைக்கல்வியில படிச்சிருக்கேன்."

"உங்களுக்குச் சேராது. மண்டோருக்குச் சேரும். அது மறைக்கல்வி வகுப்புக்குப் போகல."

வீட்டிலிருந்து ஒன்றரைக் கிலோமீட்டரில் 'ரேம்ப்' இருந்தது. சிறு தோட்டக்காரர்களின் குலைகளை எடைபோட்டு வாங்கி ஆலைக்கு அனுப்பும் இடம். முஸ்லிம்கள் தொழும் சூராவ் பக்கம் நாயோடு போக வேண்டாம் என்று, செம்பனைகளுக்கு நடுவே போகும் மண்பாதை வழியாக அங்கே போய்த் திரும்பினால் மூன்று கிலோமீட்டர் சரியாக வந்துவிடும். சனிக்கிழமை தோறும் அங்கேயே எடையும் பார்த்துக்கொள்ளலாம்.

ரேம்ப்பில் எடை எழுதுபவள் கலாவதி. கம்ப்யூட்டர் வந்து பத்து வருஷமாகியும் எல்லாரும் அவளை, பழைய தோட்டத்துக் கணக்கரைப் போல, கிராணி என்றுதான் கூப்பிடுவார்கள். முதல் சனிக்கிழமை அவள் மேடைத் தராசைக் காட்டினாள்.

"தனித்தனியா ஏறுங்கண்ணே."

"வேணாம்லா. இது தனியா நிக்காது. சேர்த்தே போடு."

நாய் தனியாக நிற்காது என்பது உண்மைதான். ஆனால் எடை காட்டும் சிவப்பு எண்கள் ரேம்ப்பில் நிற்கும் அத்தனை லோரிக்காரர்களுக்கும் தெரியும்படி ஒரு சாண் உயரத்தில் எரியும் என்பதும் உண்மை. தொண்ணூத்தேழை ஊருக்குக் காட்ட அவருக்கு மனம் வரவில்லை.

"நூத்து இருபத்தெட்டு," என்று கலாவதி, செம்பனைக் குலைகளுக்கு எடை படிப்பதுபோலவே உரக்கப் படித்தாள். "காம்பு நீளமா இருக்கு, கொஞ்சம் ஈரம். ரெண்டு பர்சென்ட் கழிச்சுக்கலாமா?"

"கழிச்சுக்க. ஈஸ்டருக்குள்ள பத்து கிலோ நாங்களே கழிச்சிடுவோம்."

முதல் வாரம் நடந்தார். பொய் சொல்லக்கூடாது, ஏழு நாளும் நடந்தார். எட்டாம் நாள் முட்டி வலித்தது. மண்டோர் வாசலில் நின்று குரைக்கவே, மனம் கேட்காமல் மோட்டார் சைக்கிளை எடுத்தார். மெதுவாக உருட்டிக்கொண்டு போக, பக்கத்திலேயே மண்டோர் ஓடி வந்தது. வீடு திரும்பியதும் நாள்காட்டியில் வழக்கம்போல் 'மூன்று கி.மீ.' என்று எழுதினார். மோட்டார் மீட்டரும் அதைத்தானே சொன்னது? முட்டி சரியான பிறகும் மோட்டார் நிற்கவில்லை.

"வாக்கிங்குக்குப் பெட்ரோல் எவ்வளவு ஆகுதுண்ணே?" என்று கலாவதி கேட்டாள்.

"நாயைப் பார்த்துப் பேசு. எப்படி இளைச்சிருக்கு பாரு."

சாயங்காலங்களில் இன்னொரு சங்கதி. ஆலையிலிருந்து திரும்பும் வழியில் ஜெராமில் நோன்புச் சந்தை. கல்லில் இறைச்சி வைத்த முர்த்தபாக் ரொட்டி புரளும் வாசனை லோரிக்குள் ஏறி, காலியாகக் கிடக்கும் இடதுபக்க இருக்கையில் உட்கார்ந்துகொள்ளும். டீயில் சீனி கூடாது என்பதுதான் சபதம். பாலும் ரோஸ் சர்பத்தும் கலந்த பண்டோங், டீ கணக்கில் வராதே. வாங்கியதை அங்கேயே சாப்பிட்டுவிடவும் மாட்டார். நோன்பு திறக்கும் நேரம் வரை காத்திருந்து, மலாய்க்கார லோரி நண்பர்களோடு உட்கார்ந்துதான் பிரிப்பார். மதியத்திலிருந்து பட்டினி கிடந்த திருப்தி வேறு.

அப்படியும் எடை இறங்கிக்கொண்டே வந்தது. நூத்து இருபத்தேழு. நூத்து இருபத்தாறு. ஐந்தாம் வாரம் நூத்து இருபத்தஞ்சைத் தொட்டபோது ஜூலியஸுக்குக் கால் தரையில் பாவவில்லை.

"மூணு கிலோ, ஜெனவீவ்! ரெண்டரை என்னோடது. அரை மண்டோரோடது."

"அப்போ பெல்ட்டு ஏன் அதே ஓட்டையில நிக்குது?"

"தோல் பெல்ட்டு. வெயிலுக்குச் சுருங்கியிருக்கும்."

ஜெனவீவ் அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

ஈஸ்டருக்கு ஒரு வாரம் முன் வரும் குருத்து ஞாயிறுக்கு முந்தின சனிக்கிழமை. ரேம்ப்பில் கூட்டம். ஜூலியஸும் மண்டோரும் மேடையில் ஏறினார்கள். "நூத்து இருபத்தி நாலரை," என்று கலாவதி வாயைத் திறந்த அந்த நொடியில், தராசுக்கு முன்னால் ஒரு சேவல் நிதானமாக நடந்து போனது. மண்டோர் ஒரே பாய்ச்சல். ஆறு மாதமாக அது அப்படிப் பாய்ந்ததை யாரும் பார்த்ததில்லை. எல்லாருடைய கண்ணும் சேவல் பின்னால் போய்விட்டுத் திரும்பி வந்தபோது, மேடையில் ஜூலியஸ் மட்டும் நின்றார். தலைக்கு மேல் சிவப்பு எண்கள்.

தொண்ணூத்தேழு.

கலாவதி கழித்துப் பார்த்தாள். அதற்குக் கம்ப்யூட்டர் தேவைப்படவில்லை.

"அண்ணே, முப்பத்தொண்ணு இருந்த மண்டோரு இப்ப இருபத்தேழரை. இறங்கின மூணரையும் அதோடதுதான்."

லோரிக்காரர் பாலகிருஷ்ணன் கையைத் தட்டினார். "தோட்டம் உண்டான நாள்லேருந்து மண்டோரு வேலை செஞ்சு, ஆளு சும்மா இருந்தது இதுதான்யா முதல் தடவை!"

ரேம்ப்பே அதிர்ந்தது. ஜூலியஸும் சிரித்தார், சிரிக்காமல் இருக்க முடியாது. ஆனால் இறங்கியதும் விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். மே மாதத்துக்கு ஆறு வாரம் கூட இல்லை. இத்தனை நாள் தன் பங்கென்று மார்தட்டிக்கொண்டதில் ஒரு அவுன்ஸ் கூடத் தன்னுடையது இல்லை.

மோட்டாரை ரேம்ப்பிலேயே விட்டுவிட்டு நடந்தார். மண்டோருக்குப் புரியவில்லை. மோட்டாரிடம் ஓடியது, அவரிடம் ஓடிவந்தது, மறுபடி மோட்டாரிடம் போய்க் குரைத்தது. பிறகு முன்னால் ஓடி, நின்று, திரும்பிப் பார்த்தது. இடுப்பில் கைவைத்து அவர் மூச்சு வாங்கியபோதெல்லாம் பழைய வழக்கப்படி குரைத்தது. வீடு வந்து சேர முக்கால் மணி நேரம் ஆனது.

ஜெனவீவ் வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

"அந்த ரெண்டரை கிலோ என்னோடது இல்ல," என்றார்.

"தெரியும்."

"எப்பலேருந்து?"

"உங்க கால்சட்டையைத் துவைக்கிறது யாரு? பையில முர்த்தபாக் சுத்தின காகிதத்தை எடுக்கிறது யாரு?"

"சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா பெல்ட்டு சுருங்கிருச்சும்பீங்க." அவள் கிளிப்பைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். "மே மாசம் உங்களுக்கு மட்டும் வரலைங்க. எனக்கும்தான் வருது. தூக்கம் வந்து எத்தனை நாளாச்சு தெரியுமா?"

ஜூலியஸ் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். இவ்வளவு காலம் அவர் நினைத்தது தன் பயத்தை மட்டும்தான்.

அன்று மத்தியானம் சாப்பாட்டு மேசையில் இரண்டாவதாக ஒரு பச்சைக் கப் இருந்தது. ஜெனவீவ் அதில் சோற்றை அளந்து, தலைதட்டி, அவர் தட்டில் கவிழ்த்தாள். சுற்றிலும் கீரையும் பொரியலும் மீனும் நிரம்பின.

"அதுக்கு ஒன்றரைக் கப்பு, எனக்கு ஒண்ணுதானா?"

"அது ஓடுதுங்க."

மறுநாள் குருத்து ஞாயிறு. கணக்கில் சேராத நாள். பூசை முடிந்து வந்து, குருத்தோலையைச் சிலுவைப் படத்தில் செருகிவிட்டு ஜூலியஸ் நடக்கப் போனார். ஈஸ்டரன்றும் போனார். ஆட்டிறைச்சிக் கறி வாசனை முதுகைப் பிடித்து இழுத்தது. ஒரு கப் சோற்றோடு அதையும் ருசித்துத்தான் சாப்பிட்டார், இன்னொரு கப்புக்குத் தட்டை நீட்டவில்லை. முட்டிக்கு ஜெனவீவ் துணிப்பட்டை வாங்கிக் கொடுத்தாள். சில நாள் அவளும் கூட வந்தாள். வந்த நாட்களில் மண்டோர் அவளோடு முன்னால் போய்விடும், இவர் பின்னால்.

சனிக்கிழமைகளில் இப்போது தனித்தனியாகத்தான் ஏறினார்கள். தொண்ணூத்தாறு. தொண்ணூத்தி நாலரை. சிவப்பு எண்கள் எரிந்துகொண்டுதான் இருந்தன. இரண்டாம் வாரத்துக்குப் பிறகு அதைப் பார்த்து யாரும் எதுவும் சொல்லவில்லை. பாலகிருஷ்ணன் மட்டும் ஒருநாள் பக்கத்தில் வந்து, "அண்ணே, அந்தக் கப்பு எந்தக் கடையில வாங்கினது?" என்று மெல்லக் கேட்டார்.

ஈஸ்டர் முடிந்த மூன்றாம் வாரம். காலையில் ஜூலியஸ் லோரிக் கதவைத் திறந்துவிட்டு டயரைப் பார்க்கப் போனார். திரும்பினால் மண்டோரின் முன்கால்கள் படியில் இருந்தன. ஒருமுறை எக்கியது, வழுக்கியது. தூக்கக் கையை நீட்டியவர் மடக்கிக்கொண்டார். மறுபடி எக்கியது. பின்னங்கால்கள் இரும்புப் படியில் சர்ரென்று கீறின. அடுத்த நொடி இருக்கையில் உட்கார்ந்துகொண்டு, ஒன்றுமே நடக்காததுபோல் கண்ணாடி வழியே ரோட்டைப் பார்த்தது.

"வாலை உள்ள இழுடா," என்றார் ஜூலியஸ். "கதவ மூடணும். நேரமாச்சு."

மே மாதம் பதினான்காம் தேதி அதே டாக்டர் அட்டையைப் புரட்டினார். ஜூலியஸ் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். வெளியே பெஞ்சில் ஜெனவீவ்.

"எடை தொண்ணூத்தி ரெண்டு. சீனி ஏழு புள்ளி மூணு." டாக்டர் நிமிர்ந்தார். "என்ன பண்ணீங்க அங்கிள்?"

"நாயோட நடந்தேம்மா."

"ஜனவரியிலேருந்தா?"

ஆமாம் என்று சொல்ல வாய் வந்தது. "முதல்ல நாய் மட்டும் நடந்துச்சு. நான் அப்புறம் சேர்ந்துக்கிட்டேன்."

டாக்டர் சிரித்துக்கொண்டே ஃபாரத்தை இழுத்துக் கையெழுத்துப் போட்டார். "இன்னும் இறங்கணும். விட்டுடாதீங்க."

வெளியே வந்து காகிதத்தைக் காட்டியபோது ஜெனவீவ் கையெழுத்தை விரலால் ஒருமுறை தொட்டுப் பார்த்து, நாலாக மடித்துக் கைப்பையில் வைத்து ஜிப்பை இழுத்தாள். அன்று மத்தியானம், எத்தனையோ நாளுக்குப் பிறகு, நாற்காலியில் சாய்ந்தபடியே அயர்ந்து தூங்கிப்போனாள். ஜூலியஸ் சத்தம் போடாமல் லோரிச் சாவியை எடுத்துக்கொண்டார்.

ஆலை வாசலில் பதினாலு லோரி வரிசை. எப்படியும் இரண்டு மணி நேரம். மற்ற நாளென்றால் இருக்கையைச் சாய்த்துப் போட்டிருப்பார். ஜூலியஸ் இறங்கிச் சுற்றிவந்து இடதுபக்கக் கதவைத் திறந்தார்.

"வாடா, ஒரு சுத்து சுத்திட்டு வந்துடலாம்."

மண்டோர் குதித்தது. இருவரும் செம்பனை நிழல் பார்த்து ஓரமாக நடக்கத் தொடங்கினார்கள். பின் லோரியிலிருந்து பாலகிருஷ்ணன் தலையை நீட்டினார்.

"அண்ணே, வரிசை நகர்ந்தா என்ன செய்ய?"

"ஹாரன் அடிலா," என்றார் ஜூலியஸ், திரும்பிப் பார்க்காமல். "ஓடி வந்துடுவோம்."