நான் துடைத்த அலை

ராயபுரத்தில் எங்கள் பகுதிக் கலைஞர்களின் படைப்புகளை மட்டுமே விற்கும் சிறிய கடை வைத்திருக்கிறேன். காசிமேட்டு ஸ்டெல்லா பழைய படகுப் பலகைகளில் ஓவியம் வரைவாள். போன மாதம் அவள் தந்த பலகையில், வரைந்த படகுக்குக் கீழே வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. வாங்குபவர் முகம் சுளிப்பாரே என்று ஈரத்துணியால் பளிச்சென்று துடைத்துவிட்டேன்.

மறுநாள் வந்த ஸ்டெல்லா தலையில் கைவைத்துக்கொண்டாள். "இன்னாக்கா இது, அலையவே தொடச்சிட்டியே! நுரை வேணும்னுதான் அந்த உப்ப அப்டியே வுட்டு வெச்சேன்."

நல்லவேளை, அவளே இரண்டு நாள் கடல்நீரைத் தெளித்துத் தெளித்து வெயிலில் காயவைத்தாள். உப்பு மறுபடி பூத்தது.

இப்போதெல்லாம் செய்தவரைக் கேட்காமல் எதன்மீதும் துணி வைப்பதில்லை. நேற்று ஒரு வாடிக்கையாளர் அந்தப் பலகையைத் துடைக்கக் கைக்குட்டையை எடுத்தார். "கைய எடுங்க சார். அது அழுக்கு இல்ல, எங்க ஊரு அலை" என்றேன்.