உறைந்த பருப்பு

மாஸ்டரின் உண்மையான பெயர் எங்கள் தொழிற்சாலையில் வருகைப் பதிவேடு எழுதுகிறவருக்கு மட்டும்தான் தெரியும். மற்ற எல்லாருக்கும் அவர் மாஸ்டர். மருந்துப் புட்டிகளுக்கு மூடி செய்கிற தொழிற்சாலை. முந்நூற்றைம்பது பேருக்குக் கேண்டீனில் மதியச் சாப்பாடு சமைப்பவர் அவர். நான் ஸ்டோர்ஸில் இருந்தேன். கேண்டீனுக்கு வேண்டிய பருப்பு, எண்ணெய், பாத்திரம் தேய்க்கிற பவுடர் எல்லாம் என் கையெழுத்தில்தான் போகும். அப்படிப் பழக்கமானவர். அவர் வீட்டில் நடந்ததெல்லாம் என் மேசைக்கு எதிரில் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு அவரே கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னதுதான்.

பன்னிரண்டு வயதில் ஒரு சாப்பாட்டுக் கடையில் எச்சில் தட்டு கழுவ வந்தவர். தட்டில் மிஞ்சின எலும்பை, முதலாளி அந்தப் பக்கம் திரும்பின நேரம் பார்த்துக் கடித்து வளர்ந்தவர். அதைச் சொல்ல அவருக்கு வெட்கமே கிடையாது. "முழுத் துண்டு கிடைச்சவனுக்கு ருசி தெரியாது சார். எலும்புல ஒட்டிக்கிட்டு இருக்கே, அதைச் சுரண்டித் தின்னவனைக் கேளுங்க" என்பார். கல்யாணம் ஆனபோது மனைவிக்கு அவர் கொடுத்த ஒரே வாக்கு, "நகை நட்டு போடுவேனான்னு எனக்குத் தெரியாது. ஆனா ஞாயித்துக்கிழமை நம்ம வீட்ல கறி இல்லாம இருக்காது." பத்தொன்பது வருஷத்தில் அந்த வாக்கு ஒரு வாரம்கூடத் தவறவில்லை.

ஒரே மகள். வீட்டில் அவளைப் பொடிசு என்றுதான் கூப்பிட்டார்கள். பதினாறு வயதில் அப்பாவைவிட நாலு விரல் உயரமாக வளர்ந்துவிட்டாள். பெயர் மட்டும் வளரவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை மாஸ்டரின் மச்சான், அதாவது மனைவியின் அண்ணன், வழக்கம்போலச் சாப்பிட வந்திருந்தார். மாஸ்டர் ஒரு நல்ல துண்டாகப் பார்த்து மகள் தட்டில் வைத்தார். அவள் அதைத் திரும்ப எடுத்துக் கிண்ணத்தில் போட்டாள்.

"எனக்கு வேணாம்ப்பா."

"ஏன், வயிறு சரியில்லையா?"

"அதெல்லாம் இல்ல. இனிமே வேணாம். எப்பவுமே."

மச்சான் மெல்லுவதை நிறுத்திவிட்டுச் சிரித்தார். "என்ன மாப்ள, உங்க வீட்ல ஒரு சாமியாரம்மா கிளம்பிட்டாங்க போலிருக்கே!"

யாரும் அவளை வற்புறுத்தவில்லை, அன்றைக்கு. இரண்டு நாளில் தெளியும் காய்ச்சல் என்று நினைத்தார்கள். அது தெளியவில்லை. மனைவிக்கு வேறு சந்தேகம் வந்தது. கறி சாப்பிடாத வீட்டுப் பையன் எவனையாவது பிடித்துவிட்டாளோ? ஒரு வாரம் மகளின் செல்போனையே கழுகு மாதிரி பார்த்துக்கொண்டிருந்தாள். பையனும் இல்லை, புது சிநேகிதியும் இல்லை, எந்தக் கூட்டத்திலும் அவள் சேரவில்லை. காரணம் கேட்டுக் கேட்டுக் குடைந்தபோது பொடிசு சொன்னது இவ்வளவுதான்: "ஒருநாள் தட்டைப் பாத்தேன். அது என்னன்னு தெரிஞ்சுது. முன்னாடியும் தெரியும். அன்னைக்குத்தான் நல்லாத் தெரிஞ்சுது."

ஒரு பெரிய காரணம் இருந்திருந்தால் அவர்கள் அதோடு சண்டை போட்டு ஜெயித்திருப்பார்கள். இதோடு எப்படிச் சண்டை போடுவது?

மச்சானுக்கு மூக்கு நுனியில் கோபம். "அப்போ நாங்க தின்றது அசிங்கம்னு சொல்றியா? உங்கப்பன் இத்தனை வருஷம் எதைச் சமைச்சு உன்னை ஆளாக்கினான்னு தெரியுமில்ல?" என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை சத்தம் போட்டார்.

"நான் யாரையும் ஒண்ணும் சொல்லல மாமா. என் தட்டைத்தான் சொல்றேன்" என்றாள் அவள்.

மனைவி துணிக்கடையில் பில் போடும் இடத்தில் எட்டு மணி நேரம் நின்றுவிட்டு வருகிறவள். "ஒரு வீட்ல ரெண்டு சமையலா? எனக்கு என்ன நாலு கையா இருக்கு?" என்று அவள் கேட்டதில் நியாயம் இருந்தது. அப்போதுதான் மாஸ்டர் முன்னால் வந்தார். "அவளுக்கு நான் பண்றேன். யாரும் அவளை ஒண்ணும் சொல்லக் கூடாது." மகள் அவரைப் பார்த்த பார்வையைப் பற்றிச் சொல்லும்போது, "எனக்கு யாரும் மாலை போட்டதில்ல சார். அன்னைக்குப் போட்ட மாதிரி இருந்துச்சு" என்றார்.

ஆனால் உண்மை என்னவென்றால், காய்கறியைத் தனியாக நிற்க வைத்து ருசி வரவழைக்க அவருக்குத் தெரியாது. இத்தனை வருஷம் அவர் கையில் காய்கறி கறிக்குத் துணையாகத்தான் வந்திருக்கிறது. அவர் செய்துகொடுத்தது அவருக்கே பிடிக்கவில்லை. பொடிசு பாதி சாப்பிட்டுவிட்டு, "நல்லா இருக்குப்பா" என்று எழுந்துவிடுவாள். பிறகு பன்னும் டீயும். முகம் வெளுத்தது. மூன்றாவது மாதம் பள்ளிக்கூட மாடிப்படியில் மயங்கி விழுந்து, நெற்றியில் மூன்று தையல்.

டாக்டர் அம்மா ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்துவிட்டு, ரத்தம் குறைவு என்று மாத்திரை எழுதினார்.

"கறி தின்னாத்தானே டாக்டர் இது சரியாகும்?" என்று கேட்டாள் மனைவி.

"ஒழுங்கா சாப்பிட்டாலே சரியாகும்மா. பருப்பு, கீரை, கடலை எல்லாம் கொடுங்க. சாப்பாட்டோட டீ வேணாம். மாத்திரையை விடாம மூணு மாசம் போடணும்."

டாக்டர் சொன்னதில் மனைவியின் காதில் விழுந்தது 'ரத்தம் குறைவு' மட்டும்தான். மாஸ்டரின் காதில் அதுகூடச் சரியாக விழவில்லை. அவர் அந்தத் தையலையே பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டுக்கு வந்ததும் மனைவி சொன்னாள்: "பெத்த பிள்ளை விழுந்து மண்டை உடையறவரைக்கும் நல்ல பேர் வாங்கிட்டு இருந்தீங்க இல்ல? இப்ப என்ன பண்ணப் போறீங்க?"

அவர் என்ன செய்தார் என்பதை ஒரு வருஷம் கழித்து என்னிடம் சொன்னபோதும் அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. மேசையில் இருந்த சரக்குச் சீட்டைப் பார்த்துத்தான் சொன்னார்.

எலும்பை நாலு மணி நேரம் கொதிக்கவைத்து, துணியில் இரண்டு தடவை வடித்து, மேலே மிதக்கிற கொழுப்பையெல்லாம் வழித்து எடுத்தால், தெளிந்த சாறு ஒன்று கிடைக்கும். பார்த்தால் வெந்நீர் மாதிரி இருக்கும். அதில் பருப்பைப் போட்டு, பூண்டும் சீரகமும் தூக்கலாக இட்டு, எலுமிச்சை பிழிந்துவிட்டால் எந்த நாக்காலும் கண்டுபிடிக்க முடியாது. கேண்டீனில் செய்து, டப்பாவில் அடைத்துத் தினமும் வீட்டுக்குக் கொண்டுபோனார். மனைவியிடம்கூடச் சொல்லவில்லை.

பொடிசு இரண்டு கிண்ணம் வாங்கிச் சாப்பிட்டாள். "இப்பத்தான்ப்பா உங்களுக்குப் பருப்பு பிடிபட்டிருக்கு" என்றாள். கன்னத்தில் நிறம் வந்தது. மாத்திரையால் வந்ததா, பருப்பால் வந்ததா, சாற்றால் வந்ததா, யாருக்குத் தெரியும்? மாஸ்டருக்குச் சந்தேகமே இல்லை. ஒருநாள் அவள் டப்பாவைப் பள்ளிக்கூடத்துக்கே எடுத்துப் போய், "எங்கப்பா எனக்காகவே கத்துக்கிட்டுப் பண்றாரு" என்று சிநேகிதிகளுக்குக் கொடுத்துவிட்டு வந்து சொன்னாள். அன்றைக்கு மாஸ்டர் சாப்பிடாமலே எழுந்துவிட்டார். ஆனாலும் மறுநாள் எலும்பை அடுப்பில் ஏற்றினார்.

ஒருநாள் பரீட்சைக்குப் படிக்கப் போன இடத்திலேயே அவள் சாப்பிட்டுவிட்டாள். மனைவி டப்பாவைத் தூக்கி ஃப்ரிட்ஜில் வைத்தாள். காலையில் பொடிசு திறந்து பார்த்தபோது பருப்பு தண்ணீராகவும் இல்லை, குழம்பாகவும் இல்லை. கரண்டியால் தொட்டால் நடுங்கியது. டப்பாவைக் கவிழ்த்தால் விழாமல் தொங்கியது.

"அப்பா, இது ஏன் இப்படி உறைஞ்சிருக்கு?"

"பருப்பு குளுந்தா அப்படித்தான் இறுகும்" என்றார் மாஸ்டர், சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே.

அன்று சாயந்திரம் அவள் பள்ளிக்கூடம் விட்டு வந்து, அதே பருப்பு, அதே பூண்டு, அதே சீரகம் போட்டு வெறும் தண்ணீரில் தானே வேகவைத்தாள். இன்னொரு டப்பாவில் ஊற்றி ஃப்ரிட்ஜில் வைத்தாள். மறுநாள் காலை மாஸ்டர் வேலைக்குக் கிளம்பும்போது இரண்டு டப்பாவையும் மேசைமேல் அவர் முன்னால் வைத்தாள். ஒன்றில் பருப்பு அடியில் தங்கி மேலே தண்ணீர் பிரிந்து நின்றது. இன்னொன்று கண்ணாடிபோல உறைந்து நின்றது.

முப்பத்தைந்து வருஷம் அடுப்படியில் நின்ற மாஸ்டருக்கு அந்த இரண்டு டப்பாவுக்கு நடுவில் சொல்ல ஒரு பொய் கிடைக்கவில்லை.

"எத்தனை நாளாப்பா?"

"நீ விழுந்ததுலேர்ந்து."

"அம்மாகூடச் சண்டை போட்டேன். மாமாகூடச் சண்டை போட்டேன். உங்ககூட மட்டும்தான்ப்பா போடல" என்றாள். அழவில்லை. கழுவும் தொட்டிப் பக்கம் போய் வாயைக் கொப்பளித்தாள். மூன்று நாளுக்கு முன்னால் சாப்பிட்டதை இன்றைக்குக் கொப்பளித்து என்ன ஆகப்போகிறது? ஆனாலும் கொப்பளித்தாள், குழாயை மூடாமல், ரொம்ப நேரம்.

மனைவி தன் பக்கம் பேசுவாள் என்று மாஸ்டர் எதிர்பார்த்தார். இத்தனை நாள் 'கறி, கறி' என்று கத்தினவள் அவள்தானே. ஆனால் அவள் புடவை மடிப்பைப் பாதியில் விட்டுவிட்டு வந்து நின்றாள். "நான் அவ மூஞ்சிக்கு நேரா நின்னு சண்டை போட்டேன். அவளும் திருப்பிப் போட்டா. நீங்க சிரிச்சுக்கிட்டே ஊட்டி விட்டீங்களே" என்றாள். அன்றைக்கே அவள் மகளுக்கென்று ஒரு பானையும் கரண்டியும் வாங்கி வந்து தனியாக மாட்டி வைத்தாள். இரண்டு சமையலுக்கு நாலு கை கேட்டவள், அதற்குப் பிறகு கை கணக்கைப் பேசவில்லை.

பொடிசு அவர் தொட்ட எதையும் சாப்பிடவில்லை. சாதத்தைக்கூடத் தானே வடித்தாள். அவர் வாங்கி வந்த ஆரஞ்சை மட்டும் எடுத்துக்கொண்டாள், தோல் இருக்கிறதே! பேசாமலும் இல்லை. "அப்பா, குடை எடுத்துக்கோங்க", "அப்பா, போன் அடிக்குது" என்று வேண்டிய அளவுக்குப் பேசினாள். அதுதான் அவரை அதிகம் அறுத்தது. ஒருநாள் திடீரென்று கேட்டாள்:

"கேண்டீன்ல கறி சாப்பிடாதவங்க இருக்காங்களாப்பா?"

"ஏழெட்டுப் பேர் இருக்காங்க."

"அவங்க பருப்புலயும் இதுதானா?"

பொய் சொல்ல வாய் எடுத்தாராம். சொல்லவில்லை. "ஆமா. ஆரம்பத்துலேர்ந்தே. அப்பத்தான் ருசி வரும்" என்றார். அவள் எழுந்து போய்விட்டாள்.

இதற்கப்புறம் நடந்ததை நான் கண்ணால் பார்த்தேன். அடுத்த வாரம் திங்கட்கிழமை. பேக்கிங் பிரிவில் ஒரு அக்கா உண்டு. ஐம்பது வயதுக்கு மேல். பிறந்ததிலிருந்து மீன்கூடத் தொட்டதில்லை. பதினோரு வருஷமாக மாஸ்டரின் பருப்பையும் காயையும் சாப்பிட்டுவிட்டு, தட்டு வைக்கப் போகும்போதெல்லாம், "நல்லா இருக்கணும் தம்பி" என்று சொல்லிவிட்டுப் போவார். அன்று மாஸ்டர் ஏப்ரனைக் கழற்றி மடித்துவிட்டு அந்த மேசைக்கு வந்தார்.

"அக்கா, நான் ஒண்ணு சொல்லணும். நான் பண்ற எல்லாத்துலயும் எலும்புச் சாறு ஒரு கரண்டி ஊத்துவேன். உங்க பருப்புலயும்தான். தெரிஞ்சுதான் ஊத்தினேன்."

பக்கத்து மேசையில் ஒருவன் சிரித்தான். இன்னொருவர், கறி தொடாத கடைசல் பிரிவுக்காரர், தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து மாஸ்டரின் சட்டையைப் பிடித்தார். நாங்கள் நாலு பேர் விலக்கினோம். அந்த அக்கா மட்டும் அசையவில்லை. வாயில் இருந்ததை மெதுவாகக் கையில் எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தார்.

"பதினோரு வருஷம் உன்னை வாழ்த்திட்டுப் போயிருக்கேன்" என்றார். அவ்வளவுதான். மறுநாளிலிருந்து வீட்டிலிருந்து டப்பா கொண்டுவந்தார். மாஸ்டர் இருந்த பக்கம் அதற்குப் பிறகு அவர் திரும்பிப் பார்த்து நான் பார்க்கவில்லை.

மேனேஜர் மாஸ்டரைக் கூப்பிட்டு எழுத்தில் விளக்கம் வாங்கினார். இரண்டு மாதம் அடுப்பில் நிற்கக் கூடாது, காய் நறுக்கும் பக்கம் போ என்று உத்தரவு. முப்பத்தைந்து வருஷத்து மாஸ்டர் பிளாஸ்டிக் கூடைக்கு முன்னால் உட்கார்ந்து கேரட் சீவினார். "யாரு மாஸ்டர் உங்களைச் சொல்லச் சொன்னது? நீங்க வாயைத் திறக்காம இருந்திருந்தா ஒரு ஈ காக்காய்க்குத் தெரியாது" என்று நானே கேட்டேன். "வீட்ல ஒருத்திக்குத் தெரியுமே சார்" என்றார்.

உத்தரவைப் பற்றி வீட்டில் அவர் சொல்லவில்லை. யாரோ சொல்லி மனைவிக்குத் தெரிந்தது, மனைவி சொல்லி மகளுக்குத் தெரிந்தது. அவள் ஓடிவந்து அப்பாவைக் கட்டிக்கொண்டாள் என்று எழுத எனக்கும் ஆசைதான். அப்படி நடக்கவில்லை. "அவங்ககிட்ட நீங்க சொன்னது சரிதான்ப்பா" என்றாள். கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஆனா எனக்கு இன்னும் சாப்பிட வரமாட்டேங்குது" என்றாள். மாஸ்டர் தலையாட்டினார்.

அடுப்புக்குத் திரும்பின பிறகு கேண்டீனில் சுவரோரமாக ஒரு தனி அடுப்பு, தனிப் பானை போட்டார். என்னிடம் வந்து ஒரு நோட்டு வாங்கிப்போய், டாக்டர் சொன்ன கடலை, கீரை எல்லாவற்றையும் வெறும் தண்ணீரில் சமைக்கப் பழகினார். ஆரம்பத்தில் வாயில் வைக்க முடியவில்லை, நானே சொன்னேன். வெங்காயத்தைப் பொறுமையாக வதக்கினால் பாதி வேலை முடிந்துவிடும் என்பதை நாற்பத்தெட்டு வயதில் கண்டுபிடித்து, சின்னப் பிள்ளை மாதிரி ஓடிவந்து என்னிடம் சொன்னார். அந்த ஏழெட்டுப் பேரில் மூன்று பேர் திரும்பி வந்தார்கள்.

பொடிசுக்கு இப்போது பதினேழு முடிகிறது. கடைசிப் பரிசோதனையில் ரத்தம் சரியாகிவிட்டது. மச்சான் இன்னும் ஞாயிற்றுக்கிழமை வருகிறார், இன்னும் எதையாவது சொல்கிறார். அவர் தங்கை, மாஸ்டரின் மனைவி, இப்போது அவரை முறைத்துப் பார்க்கிறாள். சாயந்திரங்களில் மகள் சமைக்கும்போது மாஸ்டர் சமையலறை வாசலில் நிற்பார். போன மாதம் ஒருநாள் அவள் திரும்பாமலே, "சும்மா நிக்கறதுக்கு இந்தப் பீன்ஸை நறுக்குங்களேன்" என்றாள். நறுக்கினார். அவள் அதைக் கழுவி, தன் பானையில் போட்டாள். வெந்ததும் தட்டில் போட்டு அவருக்கும் கொடுத்தாள்.

"உப்பு கம்மி சார்" என்றார் என்னிடம்.

"சொன்னீங்களா?"

"சொல்லல. அவ பானை சார். அவளே எந்திரிச்சுப் போட்டுக்கட்டும்."