தப்பு அவனோடது, விசில் என்னோடது

புதுப் பாட்டு தேடுறதுல கெலிஓயாவுல என்னைய மிஞ்ச ஆளில்லன்னு நெனச்சிருந்தேன். புது பேண்டு பாட்டும் தேயிலத் தோட்டத்துப் பாட்டும் கலந்த தொகுப்பு ஆல்பம் எது வந்தாலும், போன் கடைப் புள்ளைக்கு நான்தான் மொதல்ல அனுப்புவேன்.

இந்தத் தடவ அவ எனக்கு ஒரு ஆல்பம் அனுப்பினா. போட்டுக் கேட்டா, அதுல ஒன்னு எங்க தோட்டத்து லயத்துக் காமன் கூத்துப் பாட்டு, கிட்டாரோட. அதுல தப்பு மேளம் அடிக்கிறது என் கூட்டாளி. வயிறு எரிஞ்சுச்சு. கடைக்கே போய்ட்டேன்.

"பாட்டு முழுக்க ஒரே தப்பா இருக்கே"ன்னேன்.

"தப்பு நல்லாத்தான் இருக்கு. நடுவுல ஒரு விசில்தான் காதக் கிழிக்குது. யாரு அந்தக் கழுத?"ன்னா அவ.

பாட்டப் பதிவு பண்ணுறப்ப பின்னால நின்னு அவனக் கிண்டலடிச்சு விசிலடிச்சது நான்தான். ஆல்பத்துல நானும் இருக்கேன், ஆனா அவகிட்ட சொல்ல முடியல.