முழு விலைக்கு ஒரு லைச்சி டின்

தஞ்சோங் கிளிங் சாலையோரப் பேரங்காடிக்குள் இந்திராதேவி நுழைந்தாலே போதும், கவுண்டர்களில் நிற்கும் பெண்கள் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொள்வார்கள். “ஹர்கா ஆன்ட்டி வந்தாச்சு லா” என்று யாராவது முணுமுணுப்பாள். மலாயில் ஹர்கா என்றால் விலை. அந்தப் பட்டப்பெயர் இந்திராதேவியின் காதிலும் விழாமல் இல்லை. விழுந்து என்ன செய்ய? அதற்கெல்லாம் ரோஷப்பட்டால் அடுத்த வாரம் அதே கவுண்டரில் எந்த முகத்தோடு போய் நிற்பது?

அந்தக் கடையில் ஒரு சட்டம் வைத்திருந்தார்கள். அடுக்கில் ஒட்டிய சீட்டில் ஒரு விலை இருந்து, கவுண்டர் இயந்திரம் அதைவிடக் கூடுதலாகக் காட்டினால், அந்தச் சாமானில் ஒன்றை வாங்க வந்தவருக்கு இலவசமாகவே கொடுத்துவிட வேண்டும். தப்பு கடையுடையது, அதனால் நஷ்டமும் கடைக்கு. கவுண்டருக்கு மேலே பெரிய போர்டாக எழுதி மாட்டியும் இருந்தார்கள். யார் நிமிர்ந்து பார்க்கிறார்கள்? தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு வருகிறார்கள், கேட்ட பணத்தைக் கொடுக்கிறார்கள், போகிறார்கள். இந்திராதேவி நிமிர்ந்து பார்த்தாள். அன்றைக்குப் பிடித்ததுதான்.

சூட்சுமம் ரொம்பப் பெரிதில்லை. சலுகை முடிந்தால் கணினியில் விலை தானாக ஏறிவிடும். அடுக்கில் ஒட்டிய சீட்டு தானாக மாறுமா? ஆள் வந்து பிய்த்து மாற்ற வேண்டும். அந்த ஆள் வருவதற்குள் இவள் வந்துவிடுவாள். சார்டின், சவர்க்காரம், சமையல் எண்ணெய் என்று பழைய சீட்டு ஒட்டியிருக்கும் சாமானாகப் பார்த்துப் பொறுக்குவாள். எதுவும் பேசமாட்டாள். இயந்திரம் கூடுதல் விலையைக் காட்டியதும் சுட்டுவிரலை மட்டும் போர்டுக்கு நேராகத் தூக்குவாள். மேலாளர் சேகரன் தலையில் அடித்துக்கொண்டு வருவார். வந்து என்ன பிரயோஜனம்? அவர் எழுதி மாட்டிய சட்டம்தானே!

இதைத் திருட்டு என்று யாராவது சொன்னால் எனக்குக் கெட்ட கோபம் வரும். ரெம்பியா பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவள் அவள். தோட்டத்தை விற்றார்கள், குடும்பங்கள் ஆளுக்கொரு திசையாகச் சிதறின. கட்டிய புருஷன் மருதமுத்து லாரி ஓட்டப் போன இடத்தில், ஜொகூரில், வேறொருத்திக்கு வீட்டுக்காரனாகிப்போனான். கடற்கரை ஹோட்டலில் விரிப்புகளும் துண்டுகளும் துவைக்கிற வேலை இவளுக்கு. அந்தச் சம்பளத்தில் கவிநேசனையும் ஷாந்தினியையும் ஆளாக்கினாள் என்றால், பாதி சாமான் காசில்லாமல் வந்ததால்தான் முடிந்தது. அந்தப் பிள்ளைகள் தின்ற சார்டினில் முக்கால்வாசி கடைக்காரனின் கவனக்குறைவு.

ஆனால் ஒரு பழக்கம் ஆளைப் பிடித்துவிட்டால் அது எங்கே நிற்கிறது? நாளாக ஆக, சரியான விலை ஒட்டிய சாமானைத் தொடவே அவளுக்குக் கை வராமல் போயிற்று. கவிநேசனுக்கு லைச்சி என்றால் உயிர். டின்னில், சர்க்கரைப் பாகில் மிதக்குமே, அந்த வெள்ளைப் பழம். சின்னப் பிள்ளையாக இருந்தபோது ஒரு பிறந்தநாளுக்கு அந்த டின்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றான். இவள் சீட்டைப் பார்த்தாள்.

“இது சரியான வெலடா. வச்சிரு.”

“பிறந்தநாளும்மா.”

“இருக்கட்டும். அடுத்த வாரம் தப்பா ஒட்டுவான், அப்ப எடுத்துக்கலாம்.”

பிள்ளை டின்னை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வந்தான். அடம் பிடித்து அழுதிருந்தால்கூட வாங்கிக் கொடுத்திருப்பாள். அவன் அழுகிற பிள்ளை இல்லை.

வளர்ந்தான், பத்து பெரண்டாம் ஊரில் ஒரு கிலாங்கில், அதாவது தொழிற்சாலையில், வேலைக்குப் போனான். முதல் சம்பளம் வாங்கிய அன்று மோட்டார் சைக்கிளை நேராக அந்தப் பேரங்காடிக்கே விட்டான். லைச்சி டின்னாக வாங்கிப் பையை நிரப்பிக்கொண்டு வந்து அம்மா முன்னால் வைத்தான். “சாப்பிடுங்கம்மா. காசு குடுத்து வாங்கிட்டு வந்தேன்” என்றான். இந்திராதேவி முதலில் எதைப் பார்த்தாள் தெரியுமா? டின்னையும் பார்க்கவில்லை, மகன் முகத்தையும் பார்க்கவில்லை. ரசீதைப் பார்த்தாள்.

“அட மக்குப் பயலே! நேத்துதான் அடுக்குல சீட்டப் பாத்தேன், இதவிட கம்மி. உன்கிட்ட அதிகமா போட்டுட்டாங்கடா!”

அவன் “விடுங்கம்மா, விடுங்கம்மா” என்று பின்னாலேயே வந்தான். கேட்டாளா? பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினாள். சேகரனோடு வாக்குவாதம் செய்தாள், அத்தனை டின்னையும் திருப்பிக் கொடுத்தாள், பணத்தை வாங்கினாள். சட்டப்படி ஒரு டின் இலவசமாகவும் கொண்டுவந்தாள். வீட்டுக்கு வந்தபோது அவள் முகத்தில் அப்படியொரு களை. “பாத்தியா, காசும் வந்துச்சு, லைச்சியும் வந்துச்சு!” கிண்ணத்தில் ஊற்றி அவனிடம் நீட்டினாள்.

“நீங்க சாப்பிடுங்கம்மா” என்று சொல்லிவிட்டுக் கவிநேசன் வெளியே போய்விட்டான். அதற்குப் பிறகு வீட்டுக்கு அவன் எந்தச் சாமானும் வாங்கி வந்ததில்லை. சம்பளப் பணத்தை அப்படியே கையில் கொடுத்துவிடுவான். அம்மாவைக் கடைக்குக் கூட்டிப்போனாலும் மோட்டாரோடு வெளியிலேயே நிற்பான். ஏன் என்று அவளும் கேட்கவில்லை.

போன வருஷம் கிளேபாங் பக்கம், வேலை முடிந்து வருகிற வழியில், ஒரு லாரி அவனை அடித்துப் போட்டது. அதை எப்படி விவரிப்பது? எனக்கு மனசு வரவில்லை. காலையில் சாப்பிட்டுவிட்டுப் போன பிள்ளை, அவ்வளவுதான்.

அந்த வருஷம் முழுவதும் இந்திராதேவி பேரங்காடிப் பக்கமே போகவில்லை. ஷாந்தினிதான் வாங்கி வந்தாள். விலையைச் சொன்னால் தாய் தலையை மட்டும் ஆட்டுவாள். வருஷத் திதி நெருங்கியது. படையலுக்கு என்னென்ன வைக்க வேண்டும் என்று மகள் கேட்டாள். செத்தவருக்குப் பிடித்ததையெல்லாம் வைப்பது நம் வழக்கம்தானே. கறி, கோழி, ரால், ஒரு போத்தல் பீர் என்று மகளே சொல்லிக்கொண்டு போனாள்.

“லைச்சிய மட்டும் நான் போய் வாங்குறேன்” என்றாள் இந்திராதேவி. “ஓசி சாமான் என் புள்ள இலைக்கு வரக்கூடாது. இந்த ஒண்ணாச்சும் முழு வெல குடுத்து வாங்கணும். இல்லாட்டி அவன் தொடமாட்டான்டி.”

ஷாந்தினி வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

திதியன்று காலை கடை திறந்ததும் போய்விட்டாள். லைச்சி அடுக்குக்கு முன்னால் நின்றவளுக்குத் திக்கென்றது. பழைய சலுகைச் சீட்டு! அவள் தேடவில்லை. தேடத் தேவையும் இல்லை, பழகிய கண் அது, தானாகப் போய் விழுந்தது. எத்தனையோ நாள் இப்படி ஒரு சீட்டைக் கண்டு உள்ளுக்குள் துள்ளியவள், இன்று அதைப் பார்க்காத மாதிரி முகத்தைத் திருப்பினாள். சீட்டு மாற்றும் ஆளைத் தேடினாள். யாரும் வந்திருக்கவில்லை. சரி, நாம் வாயைத் திறக்காவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது? கேட்ட விலையைக் கொடுத்துவிட்டு வருவோம் என்று ஒற்றை டின்னை எடுத்துக்கொண்டு போனாள்.

கவுண்டரில் பவானேஸ்வரி. கவிநேசனோடு ஒரே பள்ளியில் படித்த பெண், அவன் காரியத்துக்கும் வந்திருந்தாள். ஆன்ட்டியைக் கண்டதும் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. கையில் ஒரே ஒரு டின். ஹர்கா ஆன்ட்டி ஒற்றைச் சாமானோடு வந்தால் என்ன அர்த்தம் என்று அந்தக் கடையில் தெரியாதவர் உண்டா? இவள் விரலைத் தூக்கவே இல்லை, அந்தப் பெண் தானாகவே மேலாளரைக் கூப்பிட்டுவிட்டாள்.

சேகரன் போய்ச் சீட்டைப் பார்த்துவிட்டு வந்தார். வழக்கமான சிடுசிடுப்பைக் காணோம்.

“சீட்டு பழசுதான்கா. நீங்க எடுத்துக்கிட்டுப் போங்க.”

“வேணாம் தம்பி. முழு வெல போட்டுக்குங்க.”

“ரூல் இருக்குலக்கா. தப்பு எங்களோடது.”

“தப்பு எதுவும் இல்ல. நான் சீட்டப் பாக்கவே இல்ல தம்பி.”

சேகரன் லேசாகச் சிரித்தார். “நீங்களா பாக்கல?” சொன்ன பிறகுதான் அவருக்கு என்னவோ போல ஆகியிருக்க வேண்டும். “ஒரு வருசமா வரலயேக்கா. நாங்க எல்லாரும் உங்கள நெனச்சுக்கிட்டுதான் இருந்தோம். தூக்கிட்டுப் போங்க. நாங்க குடுத்ததா இருக்கட்டும்.”

டின்னைப் பையில் போட்டு அவள் கையில் திணித்தார். பாவம், அந்த மனுஷனுக்குத் தெரிந்த ஆறுதல் அதுதான். சண்டை போட்டுப் போட்டு வாங்கிய இடத்தில் இன்று சும்மா கொடுக்கிறார்கள். இந்திராதேவி அங்கேயே உடைந்துவிட்டாள். பையைக் கவுண்டரில் வைத்துவிட்டு அழ ஆரம்பித்தாள்.

“என் புள்ளைக்குப் படைக்கணும்யா! இன்னிக்கி அவன் திதி. அவன் ஆசையா காசு குடுத்து வாங்கிட்டு வந்தத நான் இங்கதானே கொண்டாந்து திருப்பிக் குடுத்தேன்! நீங்கதானே வாங்கிக்கிட்டீங்க! இன்னிக்கும் ஓசியில வச்சா அவன் எந்திரிச்சுப் போயிருவான் தம்பி. வாங்கிக்குங்க. உங்கள கும்புட்டுக் கேக்குறேன், காச வாங்கிக்குங்க.”

பின்னால் வரிசையில் நின்றவர்கள் எட்டி எட்டிப் பார்த்தார்கள். ஒரு சீனக் கிழவி மட்டும் என்ன, என்ன என்று கேட்டுக்கொண்டிருந்தாள். பவானேஸ்வரி தேம்பினாள். சேகரன் அந்த டின்னை எடுத்துக்கொண்டு அடுக்குக்குப் போனார். தானே பழைய சீட்டைப் பிய்த்தார், புது விலைச் சீட்டை ஒட்டினார். டின்னை அதற்கு நேராக அடுக்கில் வைத்துவிட்டு, “இப்ப வந்து எடுங்கக்கா” என்றார்.

இந்திராதேவி போய் எடுத்தாள். சீட்டும் இயந்திரமும் ஒரே விலையைச் சொல்லின. பணத்தைக் கொடுத்து ரசீதை வாங்கினாள். அந்தக் கடையிலிருந்து எத்தனையோ மூட்டைச் சாமான் கொண்டுபோனவள், அந்த ஒற்றை டின்னைப் பையில்கூடப் போடாமல் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பஸ் ஏறினாள்.

மத்தியானம் படையல். இந்திராதேவியின் அண்ணன் தம்புசாமி ரெம்பியாவிலிருந்து வந்திருந்தார். கவிநேசன் படத்துக்கு முன்னால் தலைவாழை இலை போட்டு, சோற்றைக் குவித்து, கறியும் ராலும் வைத்தார்கள். ஷாந்தினி கோழிப் பொரியலை அடுக்கினாள். தம்புசாமி பீர் போத்தலைத் திறந்து ஒரு குவளையில் ஊற்றி வைத்தார். இலையின் நடுவில் இந்திராதேவி லைச்சி டின்னை வைத்தாள். பெயர் எழுதிய பக்கம் படத்தைப் பார்க்கிற மாதிரித் திருப்பினாள். அடியில் ரசீதை விரித்து, காற்றில் பறக்காமல் டின்னைப் பாரமாக வைத்தாள்.

“பாருய்யா. முழு வெல. ஒரு காசு கொறைக்கல. நம்பலன்னா ரசீத பாரு.”

சூடம் காட்டினார்கள். எல்லோரும் விழுந்து கும்பிட்டுவிட்டு வெளியே வந்தார்கள். தம்புசாமி கதவைச் சாத்தினார். செத்தவர் வந்து சாப்பிடுகிற நேரம் அது. சாம்பிராணி வாசம் அடங்கும்வரை யாரும் உள்ளே போகக்கூடாது. போனால் இலையில் உட்கார்ந்தவர் பாதியில் எழுந்துவிடுவார், மறுபடி உட்காரமாட்டார்.

கார் நிறுத்தும் இடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். இந்திராதேவியின் முகம் ஒரு வருஷத்துக்குப் பிறகு கொஞ்சம் தெளிந்திருந்தது. “வாங்கிக்கிட்டாங்கண்ணே, காச வாங்கிக்கிட்டாங்க” என்று அண்ணனிடம் அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள்.

ஷாந்தினி கைகளைத் துடைத்துக்கொண்டே வந்து உட்கார்ந்தாள்.

“ம்மா, லைச்சிய எந்தக் கிண்ணத்துல ஊத்துனீங்க? இலையில டின்னதான் பாத்தேன், கிண்ணத்த காணோமே.”

இந்திராதேவி மகளைப் பார்த்தாள். பிறகு கதவைப் பார்த்தாள். எழுந்து ஓடினாள். கைப்பிடியில் கை வைத்தவளைத் தம்புசாமி பாய்ந்து பிடித்துக்கொண்டார்.

“தொறக்காதம்மா! உக்காந்துருப்பான். இப்ப தொறந்தா எந்திரிச்சுப் போயிருவான்.”

“தொறக்கலண்ணே! டின்ன தொறக்கலண்ணே! எப்படிண்ணே சாப்பிடுவான்?”

அவர் பிடித்த கையை விடவில்லை. இந்திராதேவி மெல்லக் கைப்பிடியை விட்டாள். அப்படியே சரிந்து கதவோரம் தரையில் உட்கார்ந்து, கதவிடுக்கில் வாயை வைத்தாள். மகன் பக்கத்தில் இருந்து கேட்பது போலத் தணிந்த குரலில்தான் பேசினாள்.

“கவி... கறி இருக்குய்யா, அத சாப்புடு. ரால் இருக்கு. வெறும் வயிறோட எந்திரிச்சிராத சாமி. லைச்சிய காசு குடுத்துதான்யா வாங்கினேன். தொறந்து வைக்க மறந்துட்டேன்யா.”