ஜோதி அக்காவின் ஜாமெட்ரி பாக்ஸ்

இன்று காலை, பத்தாவது படிக்கும் என் மகள் கிளம்பும்போது அவள் பையில் ஜாமெட்ரி பாக்ஸ் கலகலத்தது. அந்தத் தகரச் சத்தம் கேட்டால் எனக்கு இன்னமும் மடி கனக்கும்.

மாரண்டஹள்ளியிலிருந்து பாலக்கோட்டுப் பள்ளிக்கு ஆறாம் வகுப்பு போனபோது, மத்தியானம்வரைதான் தாங்குவேன். எங்கள் வீட்டில் தெலுங்கு; வகுப்பில் நான் தமிழ் பேசினால் சிரிப்பார்கள். சாப்பாட்டு மணி அடித்ததும் தக்காளி மார்க்கெட் வழியாக ஓடி பஸ் ஏறிவிடுவேன். மூன்றாம் முறை பிடிபட்டதும், டீச்சர் என்னைப் பத்தாம் வகுப்பு ஜோதி அக்காவிடம் ஒப்படைத்தார்.

அக்கா புத்திமதியெல்லாம் சொல்லவில்லை. தினமும் காலையில் தன் ஜாமெட்ரி பாக்ஸை என் மடியில் வைத்துவிடுவாள்.

"பத்திரமா வச்சிருடி. கடைசி பீரியடு எனக்குக் கணக்கு. நீ வூட்டுக்கு ஓடிட்டீன்னா பாக்ஸ் இல்லாம நான்தான் வெளிய நிக்கணும்."

அவளை நிற்கவைக்க எனக்கு மனம் வரவில்லை. அடிக்கடி திறந்து காம்பஸ் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே சாயங்காலம்வரை உட்கார்ந்திருப்பேன்.

ஒரு மாதம் போயிருக்கும். முதல் பீரியடில் டீச்சர் என்னைச் சாக்பீஸ் வாங்கிவர அனுப்பினார். பத்தாம் வகுப்புக்கு வெளியே ஜோதி அக்கா நின்றிருந்தாள். உள்ளே கணக்கு சார் போர்டில் வட்டம் போட்டுக்கொண்டிருந்தார். அவர்களுக்குக் கணக்கு முதல் பீரியட் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. அக்கா என்னைப் பார்த்து, போ போ என்று கையாட்டிச் சிரித்தாள்.

சாயங்காலம் பெட்டியை நீட்டினேன். "இனிமே நீங்களே வச்சிக்குங்கக்கா. நான் ஓட மாட்டேன்."

வாசலில் மகள் திரும்பிப் பார்த்தாள். "என்னம்மா சிரிக்கிற?"

"ஒண்ணுமில்ல. பாக்ஸை யார்கிட்டயாச்சும் குடுத்துட்டு வந்தா திட்ட மாட்டேன், போ."