பாரிவாக்கத்து பேஸ் கிட்டார்

புது பேஸ் கிட்டாரின் விலையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இருப்பது நாலே நாலு கம்பி, அதற்கு இவ்வளவு அலட்டலா என்று போனைத் தூக்கி எறியாத குறை. பாரிவாக்கத்தில் பழையது ஒன்று சல்லிசாக வருகிறது என்று கேள்விப்பட்டதும், அம்பத்தூரில் வேலை முடிந்த கையோடு வண்டியைத் திருப்பிவிட்டேன்.

கதவைத் திறந்த அக்கா, கட்டிலில் சாய்ந்திருந்த கணவரைக் காட்டினார். கல்யாண வீட்டுக் கச்சேரிகளில் பேஸ் வாசித்தே குடும்பத்தை நடத்தியவர். பக்கவாதம் வந்து இடது கை விழுந்துவிட்டது. பேச்சும் போய்விட்டது.

"அந்த கிட்டாரப் பாத்தாலே இவருக்கு அழுகை வந்துடுது. நீ எடுத்துகினு போ நைனா. ஒண்ணே ஒண்ணு, கத்துகினு ஒரு நாள் வந்து இவருக்கு வாசிச்சுக் காட்டு. அந்தச் சத்தம் இல்லாம ஊடே ஊடா இல்ல."

கட்டாயம் வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். என் வாய்க்கு எப்போதுமே அவசரம்.

அப்புறம் பட்ட பாட்டைக் கேட்காதீர்கள். விரல் நுனியெல்லாம் கொப்புளம். அயனம்பாக்கத்தில் நான் குடியிருக்கும் வீட்டின் ஓனர், சுவர் அதிர்கிறது என்று மாடியிலிருந்து இறங்கி வந்து சண்டை போட்டார். போனில் வீடியோ பார்த்துப் பார்த்துச் சில பயிற்சிகளைத் தேற்றிக்கொண்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை பாரிவாக்கம் போனேன்.

வாசித்தேன். அண்ணன் பொறுமையாகக் கேட்டார். பிறகு வலது கையால் தன் மடியைத் தட்டினார்.

"அங்க வைக்கச் சொல்றாரு," என்றார் அக்கா.

வைத்தேன். வலது கை விரல்கள் கம்பியைத் தொட்டதும் என்ன ஒரு தாளம். பக்கத்தில் உட்கார்ந்து, அவருடைய இடது கைக்குப் பதிலாக நான் கம்பியை அழுத்தினேன். தலையை ஆட்டினார், தப்பு. வேறு இடத்தில் அழுத்தினேன். அதுவும் தப்பு.

"என்ன பாட்டுண்ணே?"

வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது. கூடவே ஒருவர் பாடாமல் பேஸை மட்டும் கேட்டால் எந்தப் பாட்டென்று என்னால் கண்டுபிடிக்க முடியாது. அக்காவைப் பார்த்தேன்.

"நான் எந்தக் கச்சேரிக்குப் போனேன்? ஊட்ல இந்த டொம் டொம் மட்டுந்தான் கேப்பேன். இதத்தான் டெய்லி வாசிப்பாரு, அது தெரியும். இன்னா பாட்டுன்னு தெரியாதே."

அண்ணன் கையை நீட்டி, கிட்டாரின் கழுத்தில் கம்பிக்கு அடியிலிருந்த ஒரு கட்டத்தைத் தொட்டுக் காட்டினார். அங்கே அழுத்தினேன். தலையசைத்தார், சரி. அடுத்ததைக் காட்ட வந்த விரல் பாதியில் நின்றது. இன்னொரு கட்டத்துக்குப் போய், அதுவும் இல்லையென்று திரும்பி வந்தது. அவருக்கே தெரியவில்லை.

"கைதாம்பா வாசிக்கும். இவரு யோசிச்செல்லாம் வாசிச்சதில்ல," என்றார் அக்கா.

எனக்கு எழுந்து ஓடிவிடலாம் போலிருந்தது. அண்ணன் தன் இடது கையை வலது கையால் தூக்கிக் கிட்டாரின் கழுத்தில் வைத்தார். அது சரிந்து விழுந்தது. மறுபடி தூக்கி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். விழாமல் நான் பிடித்துக்கொண்டேன். உடனே கம்பியை மீட்டத் தொடங்கினார், இடது கை விரல்கள் தானாக அசையும் என்று நம்பி அவற்றையே பார்த்துக்கொண்டு.